28 நாளுக்கு ஒரு மாதமாம்!

வணக்கம் மக்களே. இன்று கீபோர்டு விமர்சனம் போடுவதாகச் சொல்லியிருந்தேன், அது அடுத்த வாரம். இப்போது எனக்கு இருக்கிற எரிச்சலில் கீபோர்டைப் பற்றிப் பேசினால் பாவம் அதுதான் திட்டு வாங்கும். விஷயம் மொபைல் ரீசார்ஜ். "உங்கள் பேக் முடியப்போகிறது" என்று மெசேஜ் வந்தது. இப்போதுதானே போட்டோம் என்று நாட்காட்டியைப் பார்த்தால், சிவப்பு வட்டம். ஆமாம், பேக் முடியும் நாளை நாட்காட்டியில் வட்டம் போட்டு வைக்கிற ஆள் நான், கிண்டல் செய்துகொள்ளுங்கள்.

மாத பேக் என்று நாம் போடுவதற்கு ஆயுள் 28 நாள்தான். இந்தக் கணக்கை உட்கார்ந்து போட்டுப் பாருங்கள். ஜனவரி 1 அன்று ரீசார்ஜ் செய்தால் அடுத்தது ஜனவரி 29. ஒரே மாதத்தில் இரண்டு! அப்படியே போனால் 13ஆவது பேக் டிசம்பர் 30 இரவோடு முடியும். மிச்சம் ஒரே ஒரு நாள், அதற்கு 14ஆவது ரீசார்ஜ். புத்தாண்டு வாழ்த்து அனுப்பவே தனிப் பேக்! பிப்ரவரியை விட்டால் எந்த மாதத்துக்கு 28 நாள்? சம்பளம் மட்டும் 28 நாளில் வந்துவிடுகிறதா?

30 நாள் பேக் ஒன்றாவது வைத்தே ஆக வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய் 2022இல் உத்தரவு போட்டது. வைத்திருக்கிறார்கள், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆப்பில் 11 தடவை கீழே தள்ளினால் கிடைக்கும். எண்ணிவிட்டுத்தான் சொல்கிறேன்.

2016 செப்டம்பரில் ஜியோ வந்து இலவசமாக அள்ளிக் கொடுத்ததும் மற்றவர்களும் அலறியடித்து விலையை இறக்கினார்கள். மாதம் முழுக்க ஒரு ஜிபியை எண்ணி எண்ணிச் செலவழித்த நாம், அதை ஒரே நாளில் தீர்க்கக் கற்றுக்கொண்டோம். அந்தச் சண்டையில் 2018இல் ஏர்செல் படுத்தது. வோடபோனும் ஐடியாவும் ஒன்றாயின. தனியாரில் மிஞ்சியது மூன்றே பேர். 2024 ஜூலையில் அந்த மூவரும் ஒரே வாரத்தில் விலையை ஏற்றினார்கள். அரசு நிறுவனமான பி.எஸ்.என்.எல். ஏற்றவில்லை, பலர் அங்கே ஓடினார்கள். மற்ற மூவரின் விலைப் போட்டி எங்கே போனது?

அட, முக்கியமானதை விட்டுவிட்டேன். மெசேஜ் வந்த கோபத்தில், நம்பரை மாற்றாமல் வேறு நிறுவனத்துக்குப் போய்விடலாம் என்று நேற்றே போர்ட் என்று டைப் செய்து, என் நம்பரையும் போட்டு 1900க்கு அனுப்பிவிட்டேன். அரை மணி நேரம்கூட ஆகவில்லை, என் நிறுவனத்திலிருந்து போன். "சார், உங்களுக்காக ஒரு ஸ்பெஷல் பேக்." அதே விலை, கூடுதல் டேட்டா. ஆப்பில் தேடினேன், எங்கேயும் இல்லை! இத்தனை வருடம் ஒழுங்காகக் காசு கட்டியபோது நான் ஸ்பெஷல் இல்லை, கிளம்புகிறேன் என்றதும் ஸ்பெஷல். விலைப் போட்டி எங்கே போனது என்று கேட்டேனே, அந்த போன் காலில்தான் ஒளிந்திருக்கிறது.

வேலிடிட்டி எத்தனை நாள் என்று கேட்டேன்.

"28 நாள் சார்."

வைத்துவிட்டேன். 1900இலிருந்து பதிலாக வந்த போர்ட் குறியீடு 4 நாளைக்குத்தான் செல்லும், அதற்குள் முடிவு செய்கிறேன். நாட்காட்டியில் அதற்கும் ஒரு வட்டம் போட்டாயிற்று, பச்சையில்.