பதினோராவது ஆள் எங்கே?

வணக்கம் மக்களே. இன்னைக்கு இன்ட்ரோ எல்லாம் கிடையாது, நேரா மேட்டருக்கு வந்துடறேன்.

டிவியில அமெரிக்கன் ஃபுட்பால் பாக்கும்போது ஒரு தடவை இதைச் செஞ்சு பாருங்க. பந்தை ஸ்னாப் பண்றதுக்கு, அதாவது பின்னாடி குடுத்து ஆட்டத்தைத் தொடங்குறதுக்கு, முந்தின செகண்ட்ல பாஸ் போடுங்க. பந்து பாஸ் இல்லீங்க, வீடியோவை நிறுத்துங்க. தடுக்கிற டீம்ல இருக்கிற பதினொரு பேர்ல எத்தனை பேர் தெரியறாங்கன்னு எண்ணுங்க. நேத்து ராத்திரி பழைய சியாட்டில் சீஹாக்ஸ் மேட்ச் ஒண்ணு போட்டு நான் எண்ணினேன். பத்து. திரும்ப எண்ணினேன், பத்துதான். பதினோராவது ஆள் ஃப்ரேம்லயே இல்ல. பந்துலேர்ந்து பன்னெண்டு, பதினஞ்சு யார்டு தள்ளி, கேமராவுக்கு வெளியில, நட்டநடுவுல தனியா நிக்கிறாரு. அவர்தான் ஃப்ரீ சேஃப்டி.

ஃப்ரீன்னா சும்மா நிக்கிறாருன்னு அர்த்தமில்ல. பாஸ் பிடிக்க ஓடுற இந்த ரிசீவரை நீ பாத்துக்கன்னு அவர்கிட்ட யாரையும் ஒப்படைக்கலன்னு அர்த்தம். அவர் பாக்குறது பாஸ் எறியற குவார்ட்டர்பேக்கோட கண்ணை. கண்ணு எந்தப் பக்கம் போகுதோ, கால் அந்தப் பக்கம் கிளம்பணும். மைதானத்தோட அகலம் 53 யார்டுக்கும் கொஞ்சம் மேல. ரெண்டு ஓரத்தையும் கார்னர்பேக் ரெண்டு பேர் பாத்துக்குவாங்க. நடுவுல பெரிய பாஸ் வந்தா, கடைசி ஆள் இவர் மட்டும்தான். இவரைத் தாண்டிட்டா டச்டவுன், கடைசிக் கோட்டைத் தாண்டிப் பாயின்ட் எடுத்துடுவாங்க, அவ்வளவுதான்.

சியாட்டில்ல அந்த இடத்துல நின்னவர் எர்ல் தாமஸ். டீம்கள் வரிசையா புது ஆட்களைத் தேர்ந்தெடுக்கிற 2010 டிராஃப்ட்ல 14வது ஆளா எடுத்தாங்க. உயரம் வெறும் அஞ்சடி பத்து அங்குலம், ஆனா பின்னாடி மொத்தத்தையும் ஒத்தை ஆளா மேய்ப்பாரு. அதனால என்ன ஆச்சு? இன்னொரு சேஃப்டி கேம் சான்சலர், ஆள் மலை மாதிரி இருப்பாரு, அவரைத் தைரியமா முன்னாடி இறக்கிவிட்டாங்க. 2014 பிப்ரவரி சூப்பர் பௌல், அதாவது சீசனோட ஃபைனல், ஞாபகம் இருக்கா? எதிர்ல, அந்த சீசன்ல 606 பாயின்ட் அடிச்சு ரெக்கார்டு வெச்ச டென்வர் டீம். முதல் குவார்ட்டர்லயே டென்வரோட டிமேரியஸ் தாமஸ் நடுவுல ஒரு சின்ன பாஸைப் பிடிக்கிறாரு, சான்சலர் வந்து இடிச்சாரு பாருங்க! ஸ்டேடியமே அதிர்ந்துது. முடிவு 43-8, சியாட்டில் ஜெயிச்சுது. அந்த இடியை எல்லாரும் இன்னைக்கும் ஷேர் பண்றாங்க. பின்னாடி எர்ல் நிக்கலைன்னா சான்சலரை அவ்வளவு முன்னாடி நிறுத்தியிருப்பாங்களா? எனக்குத் தெரிஞ்சு மாட்டாங்க.

இல்லாதப்பதான் அருமை தெரியும்னு சொல்லுவாங்கல்ல, அதுவும் நடந்துச்சு. 2016 டிசம்பர் 4, கரோலைனாவோட மேட்ச். ஒரே பந்துக்கு எர்லும் சான்சலரும் சேர்ந்து தாவினாங்க, சொந்த டீம்காரங்களே மோதிக்கிட்டாங்க. எர்லுக்குக் கால் எலும்பு உடைஞ்சு போச்சு. சீசன் க்ளோஸ். சரியா ஒரு வாரம் கழிச்சு, கிரீன் பேல அந்த டீம் குவார்ட்டர்பேக் ஆரன் ராட்ஜர்ஸ் ஆரம்பத்துலயே டவான்ட்டே ஆடம்ஸுக்கு 66 யார்டு டச்டவுன் போட்டாரு. மேட்ச் 38-10, சியாட்டில் தோத்துச்சு. நியாயமா ஒண்ணு சொல்லணும், அன்னைக்கு சியாட்டில் குவார்ட்டர்பேக் ரஸ்ஸல் வில்சன் அஞ்சு இன்டர்செப்ஷன் குடுத்தாரு, அதாவது அவர் எறிஞ்ச பந்தை எதிர் டீம் அஞ்சு தடவை பிடிச்சுது, எல்லாப் பழியையும் எர்ல் இல்லாததுமேல போட முடியாது. ஆனா அந்த 66 யார்டு? அது எனக்கு இன்னும் உறுத்துது.

கமென்ட்ல உடனே எட் ரீட்னு வருவீங்க, தெரியும். பால்டிமோர் ரேவன்ஸ்ல ஆடினவர், மொத்தம் 64 இன்டர்செப்ஷன், 2008ல ஃபிலடெல்ஃபியா பந்தைப் பிடிச்சு 107 யார்டு ஓடினாரு. நூறு யார்டு மைதானத்துல! கோட்டுக்குப் பின்னாடி இருக்கிற எண்ட் ஸோன்லேர்ந்தே கிளம்பினாரு. எர்ல் மொத்தமா 30தான், பாதிகூட இல்ல. ஆனா ரீட் தூண்டில் போடுற ஆளு. வேற பக்கம் பாக்குற மாதிரி பாவ்லா காட்டி, உங்களை எறிய வெச்சுப் பிடிப்பாரு. எர்ல் இருந்தா எறியவே மாட்டாங்க. எறியாத பாஸுக்கு எந்த ஸ்கோர் ஷீட்லயும் கட்டம் கிடையாது. எனக்கு எர்ல்தாங்க, திட்டுறவங்க திட்டலாம்.

சரி, நேத்து நிறுத்தி வெச்ச அந்த ப்ளேவை ஓடவிட்டேன். குவார்ட்டர்பேக் பந்தை வாங்கிட்டு நடுவுல தூரமாப் பாக்குறாரு. கை மேல போகுது. நின்னுடுச்சு. பக்கத்துல இருந்த ஆளுக்குக் குட்டியா ஒரு பாஸ், நாலு யார்டு, ஃப்ரீ சேஃப்டிக்கு முன்னாடி நிக்கிற தடுப்பு ஆள் லைன்பேக்கர் வந்து கீழே தள்ளினாரு. கமென்டேட்டர் லைன்பேக்கரை ஆஹா ஓஹோன்னு புகழ்றாரு. ரீப்ளேயும் அவருக்குத்தான் போட்டாங்க. பதினோராவது ஆள் அதுலயும் ஃப்ரேமுக்குள்ள வரல.