மண் எங்கே போகிறது?

வணக்கம் நேயர்களே. கோலாலம்பூரில் செந்தூல் பக்கம் கார் போலிஷ் பட்டறை நடத்துகிறவன் நான். வண்டியைக் கொண்டுவந்து நிறுத்துகிறவர்கள் கேட்கிற கேள்வி அநேகமாக ஒன்றுதான்: "அண்ணே, கார் கழுவக் கீறாத பிரஷ் எது? எங்கே கிடைக்கும்?" மேசைமேல் கிடக்கிற ஸ்பாஞ்சையோ பிரஷையோ எடுத்துக் கன்னத்தில் ஒற்றிப் பார்த்துவிட்டு, "இது மெத்துனு இருக்கு, இதுவே போதும்ல?" என்பார்கள்.

மெத்தென்று இருப்பது நல்லதுதான். ஆனால் அதற்கு முன்னால் கேட்க வேண்டியது வேறு. கார்மேல் ஒட்டியிருக்கிற மணல், இந்தப் பொருள் பட்டதும் எங்கே போகும்? தண்ணீரில் அலசினால் வெளியே வருமா? இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்தால், எதை வாங்குவது என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை.

நாம் காப்பாற்றப் பார்ப்பது எதை என்று முதலில் சொல்லிவிடுகிறேன். இப்போது ஓடுகிற கார்களில் நிறத்துக்கு மேலே நிறமில்லாத ஒரு பூச்சு உண்டு. பட்டறையில் 'கிளியர்' என்போம். அதன் தடிமன் பொதுவாக 40, 50 மைக்ரான். ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பங்கு போட்டால் ஒரு பங்குதான் மைக்ரான். தலைமுடி ஒன்றே ஏறக்குறைய 70 மைக்ரான் இருக்கும். ஆக, ஒரு முடியைவிட மெல்லிய பூச்சில்தான் காரின் பளபளப்பு முழுவதும் நிற்கிறது. போலிஷ் போடுவது என்றால் அந்தப் பூச்சிலிருந்து கொஞ்சம் சீவி எடுப்பது. அடிக்கடி போலிஷுக்கு வந்தால் எனக்கு வருமானம், உங்கள் காருக்கு ஆயுள் குறைவு. தொழிலுக்கு விரோதமாகப் பேசுகிறேன், என்ன செய்வது!

எதிர்ப்பக்கத்தில் மணல். 1812-ல் ஃபிரெட்ரிக் மோஸ் என்ற ஜெர்மானியர் கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை வரிசைப்படுத்தினார். வைரத்துக்கு 10. மணலில் பெரும்பகுதியாக இருக்கிற குவார்ட்ஸுக்கு 7. ஜன்னல் கண்ணாடியே ஐந்தரை அளவில்தான் நிற்கிறது. கண்ணாடியையே கீறிவிடும் பொருளைக் கிளியர்மேல் வைத்துக் கையால் அழுத்தித் தேய்த்தால் என்ன மிஞ்சும்?

நம் ஊரில் மணலுக்குப் பஞ்சமும் இல்லை. ஜாலான் ஈப்போ நெடுக எங்காவது ஒரு முனையில் கட்டட வேலை நடந்துகொண்டே இருக்கும். லோரி வெளியே வரும்போது சக்கரத்தோடு செம்மண்ணும் ரோட்டுக்கு வரும். சாயங்காலம் இடி மழை அடித்தால் அது சேறாகி, முன்னால் போகிற வண்டி அதை நம் கதவின் கீழ்ப்பாதியில் வாரி இறைக்கும். மழையே காரைக் கழுவிவிட்டது என்று சிலர் சந்தோஷப்படுவார்கள். கூரையில் இருந்த தூசி போனது உண்மைதான். குனிந்து கதவின் அடியைப் பார்த்தால் மீதி தெரியும்.

கறுப்பு மைவி கார் ஒன்றை இரவில் பெட்ரோல் நிலைய விளக்கின் கீழே நிறுத்திப் பாருங்கள். விளக்கின் பிம்பத்தைச் சுற்றி வட்ட வட்டமாக நுண்ணிய கோடுகள் தெரியும். யாரோ வட்டமாகத் தேய்த்ததால் வந்தவை என்று தோன்றும். உண்மையில் கோடுகள் எல்லாத் திசையிலும் கிடக்கின்றன; ஒளிக்குக் குறுக்கே இருப்பவை மட்டும் வெளிச்சத்தை நம் கண்ணுக்குத் திருப்பி அனுப்புவதால் வட்டமாகத் தெரிகிறது. தலையை நகர்த்துங்கள், வட்டமும் கூடவே நகரும். வெள்ளைக் காரிலும் இதே கோடுகள் இருக்கும், கண்ணுக்கு எட்டாது. அதனால் வெள்ளைக் கார் வைத்திருப்பவர்கள் நிம்மதியாகத் தூங்குகிறார்கள்.

சரி, பொருளுக்கு வருவோம். ஸ்பாஞ்சின் முகம் தட்டை. மணல் துகள் ஒன்று அதன் அடியில் சிக்கினால் உள்ளே போக வழியில்லை. துளையின் வாயில் பாதி உள்ளே, பாதி வெளியே என்று மாட்டிக்கொண்டு நிற்கும். நீங்கள் பானட்டின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை இழுக்கும்போது அதுவும் கூடவே வரும். வாளியில் முக்கிப் பிழிந்தாலும் அங்கேயே இருக்கும். விரலுக்கு எவ்வளவு மிருதுவாக இருந்தாலும் சேறு பட்ட காருக்கு ஸ்பாஞ்ச் வேண்டாம் என்பேன்.

கார் கழுவுகிற கையுறையில் இரண்டு மூன்று வகை கிடைக்கிறது. தடித்த இழைகள் தனித்தனியாகத் தொங்குகிற மைக்ரோஃபைபர் வகை ஒன்று. பார்ப்பதற்குத் தட்டில் போட்ட மீ, அதாவது நூடுல்ஸ் மாதிரி இருக்கும், எங்கள் பட்டறைப் பையன்கள் அதை 'மீ' என்றேதான் கூப்பிடுகிறார்கள். இழைக்கும் இழைக்கும் நடுவே நல்ல இடைவெளி இருப்பதால் மணல் உள்ளே போகும், தண்ணீரில் உதறினால் சுலபமாக வெளியேயும் வரும். இன்னொன்று, மெல்லிய நீள முடி அடர்த்தியாக இருக்கிற வகை. இதில் மணல் இன்னும் ஆழமாக இறங்கும், பூச்சுக்கு இன்னும் பாதுகாப்பு. ஆனால் அடர்த்தி அதிகம் என்பதால் போன மணல் லேசில் திரும்பாது. என் வழக்கம் இதுதான்: கூரை, பானட், கண்ணாடிக்கு மேற்பட்ட பகுதிக்கு நீள முடி, கதவின் கீழ்ப்பாதி, பம்பர், சேறு பட்ட பகுதிக்கு மீ. ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் மீயை வாங்குங்கள். உதறினால் மண்ணை விடுகிற குணம் பெரியது.

ஆட்டுத்தோல் கம்பளிக் கையுறையைப் பெரிய உசத்தி என்று விற்பார்கள். குளிர் நாட்டில் உசத்தியாகவே இருக்கலாம். கோலாலம்பூர்ப் புழுக்கத்தில் அது சரியாகக் காயாது. பின்பக்கத் தோல் விறைத்துப் போகும், வாடை வரும், முடி கொத்துக் கொத்தாகக் கழன்று வரும். வெயிலில் போட்டால் தோல் இன்னும் மோசமாகும். அந்தக் காசுக்கு மைக்ரோஃபைபரில் இரண்டு மூன்று வாங்கி வைத்துக்கொள்ளலாம்.

வாங்கும்போது கையுறையைப் புரட்டிப் பாருங்கள். ஓரத்தில் தையல் நூல் துருத்திக்கொண்டிருக்கிறதா? கம்பெனிப் பட்டை வெளியே தைத்திருக்கிறதா? அந்த நைலான் பட்டையின் முனை, கையுறை முழுவதையும்விடக் கடினமானது. கத்தரித்துவிடுங்கள். பசார் மாலாம் என்கிற இரவுச் சந்தையில் வாங்கினாலும் பேரங்காடியில் வாங்கினாலும் வீட்டில் ஒரு சோதனை செய்யலாம். பழைய சி.டி. ஒன்றை எடுங்கள், பாட்டுக் கேட்க இனி உதவாததாக. பளபளக்கிற பக்கத்தைக் கழுவி, கையுறையைச் சோப்புத் தண்ணீரில் நனைத்து, சும்மா பத்துத் தரம் இழுங்கள். துடைத்துவிட்டுக் கைப்பேசி விளக்கைச் சாய்த்து அடித்துப் பாருங்கள். புதிதாகக் கோடு விழுந்திருந்தால் அந்தக் கையுறை ரிம்முக்குப் போகட்டும். சி.டி.யின் பிளாஸ்டிக் சுலபமாகக் கீறுபடக்கூடியது. அதைக் கீறாத பொருளைக் காருக்கு நம்பி எடுக்கலாம்.

இனி பிரஷ். நீளக் கைப்பிடி போட்ட பிரஷ்ஷில் எனக்குப் பெரிய நம்பிக்கை கிடையாது. வேன், பேருந்து என்றால் எட்டாத உயரத்துக்கு வேறு வழியில்லை. அப்படி வாங்குவதானால் முடியின் நுனியைப் பாருங்கள்: நுனி ஒவ்வொன்றும் இழை இழையாகப் பிளந்திருந்தால் தொடுவது மிருது, வெட்டிவிட்ட மாதிரி மொட்டையாக இருந்தால் அது தரை கழுவத்தான். முடி நட்டிருக்கிற பலகையைச் சுற்றி ரப்பர் ஓரம் இருக்க வேண்டும். கை தவறினால் முதலில் இடிப்பது பலகையின் விளிம்பு. இதையெல்லாம் பார்த்து வாங்கினாலும், கோலின் முனையில் இருக்கிற பிரஷ்ஷுக்கு அடியில் மணல் நெருடுவது நம் கைக்குத் தெரியாது. கையுறையில் தெரியும். உள்ளங்கைக்குக் கீழே சரசர என்று ஒரு உணர்வு வந்த நொடியில் கையை எடுத்துவிடலாம்.

காசு போட்டு நாமே கழுவுகிற இடங்களில் நுரை வழியும் பிரஷ் ஒன்று தொங்கும். உங்களுக்கு முன்னால் வந்தவர் ஃபோர் வீல் டிரைவ் வண்டியின் சேற்றுச் சக்கரத்தை அதே பிரஷ்ஷால்தான் தேய்த்திருப்பார். அந்த இடத்தின் தண்ணீர்ப் பீய்ச்சியை நன்றாகப் பயன்படுத்துங்கள், பிரஷ்ஷைக் கொக்கியிலேயே விட்டுவிடுங்கள். பெட்ரோல் நிலையத்தில் சுழலும் பிரஷ் இயந்திரத்துக்கும் இதே பதில். காரின் பின்பெட்டியில் கோழி இறகுத் துடைப்பம் வைத்துக்கொண்டு காலையில் தட்டிவிட்டுப் போகிறவர்களையும் சொல்ல வேண்டும். காய்ந்த தூசியை நனைக்காமல் தேய்ப்பதுதான் எல்லாவற்றிலும் மோசம். அங்சானா மரத்தடியில் நிறுத்திய காரில் மஞ்சள் பூ மட்டும் விழுந்திருந்தால் கையால் பொறுக்கிப் போடலாம், துடைப்பம் எதற்கு?

பிரஷ்ஷுக்கு நியாயமான இடங்கள் உண்டு. டயர், ரிம், சக்கரத்து மேல் வளைவின் உட்பக்கம், எண்ணெய் ஊற்றும் மூடியின் இடுக்கு, கம்பெனிச் சின்னத்தின் சந்து. சந்துகளுக்கு இரும்புக் கடையில் கிடைக்கிற பெயிண்ட் பிரஷ்ஷே போதும், அதன் தகரப் பட்டையைச் சுற்றி டேப் ஒட்டிக்கொண்டால். இந்தச் சின்ன பிரஷ்களில் இன்னொரு விஷயம் நம் நாட்டில் பார்க்க வேண்டியிருக்கிறது. 'இயற்கை முடி' என்று விற்பவற்றில் பல பன்றி முடி. அப்படிப்பட்ட பொருளில் அதைக் குறிப்பிட வேண்டும், கடையில் தனியாக வைக்க வேண்டும் என்று 2013-ல் வந்த விதி சொல்கிறது. எங்களுக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் மலாய்க்காரர்கள். அவர்கள் வண்டியில் அதைத் தொடுவது மரியாதை இல்லை. பட்டறையில் செயற்கை முடி மட்டுமே வைத்திருக்கிறேன், வேலையும் ஒன்றும் குறையவில்லை.

ரிம்முக்குப் போன பிரஷ்ஷும் கையுறையும் பாடிக்குத் திரும்பக் கூடாது. பிரேக் போடும்போது உதிர்கிற கறுப்புத் தூளில் இரும்புத் துகள் இருக்கிறது. குழப்பம் வராமலிருக்க நாங்கள் நிறத்தால் பிரித்துவிட்டோம். ரிம்முக்குச் சிவப்பு, கீழ்ப்பாதிக்குச் சாம்பல், மேலே நீலம்.

கையுறை எவ்வளவு நல்லதாக இருந்தாலும், அது தொடுவதற்கு முன்னால் எவ்வளவு மண் போய்விட்டது என்பதில்தான் பாதி வெற்றி. வீட்டில் வாட்டர் ஜெட் இருந்தால் சேற்றை முதலில் அடித்து இறக்குங்கள், பிறகு நுரை போட்டு ஐந்து நிமிடம் ஊறவிட்டு மறுபடி அடியுங்கள். அடுக்குமாடி வீட்டில் குழாயே எட்டாது என்கிறவர்களுக்கு ஒரு வழி: செடிக்கு மருந்து அடிக்கிற, கையால் அமுக்கிக் காற்றேற்றும் தெளிப்பான். ஐந்து லிட்டர் அளவில் கிடைக்கும். கார் ஷாம்பூ கலந்த தண்ணீரை ஊற்றிக் கீழ்ப்பாதி முழுக்கத் தெளித்து ஊறவிடுங்கள். தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குப் பம்பு புதிதல்ல. ஆனால் களைக்கொல்லி அடித்த பழைய பம்பை எடுத்துவிடாதீர்கள், புதிதாக வாங்குங்கள்.

வாளி இரண்டு வேண்டும். ஒன்றில் சோப்பு, ஒன்றில் வெறும் தண்ணீர். கதவு ஒன்றைக் கழுவியதும் கையுறையை முதலில் வெறும் தண்ணீரில் விரித்து உதறி அலசுங்கள், அப்புறம் சோப்பில் முக்குங்கள். வேலை முடிந்ததும் வெறும் தண்ணீர் வாளியைச் சாய்த்து அடியைப் பாருங்கள். அடியில் படிந்த மணல் காரில் தேய்ந்திருக்க வேண்டியது. மேலிருந்து கீழே வாருங்கள், அழுத்தாதீர்கள், கையுறையின் சொந்தக் கனமே போதும். கீழே விழுந்த கையுறையை, நன்றாக அலசுகிறவரை காருக்குக் காட்டாதீர்கள். காக்கை எச்சத்தை மட்டும் தேய்க்கவே கூடாது. ஈரத் துணியை மேலே போட்டுக் கொஞ்சம் ஊறவைத்துத் தூக்கி எடுங்கள். பாத்திரம் கழுவும் சோப்பு வேண்டாம், காரில் பூசிய மெழுகையும் கழுவிவிடும். காலை ஒன்பதுக்குள்ளோ மாலை ஐந்துக்கு மேலோ கழுவுங்கள். உச்சி வெயிலில் சோப்பு பானட்டிலேயே காய்ந்து கறையாகிவிடும்.

துடைக்கும்போதும் அதே கேள்விதான். பழைய கைலி, பனியன், குழாய் டப்பாவில் வருகிற ரப்பர் மாதிரித் துணி, எல்லாம் தட்டை, மணலுக்கு உள்ளே இடமில்லை. பெரிய மைக்ரோஃபைபர் துண்டை விரித்துப் போட்டு, தட்டி, தண்ணீரைக் குடிக்கவிட்டு எடுங்கள்.

கையுறையை வாஷிங் மெஷினில் போடலாம், மற்ற துணியோடு கலக்காமல், சூடில்லாத தண்ணீரில். சாஃப்ட்னர் ஊற்றாதீர்கள், இழையை அடைத்துவிடும். நிழலில் தொங்கவிட்டுக் காயவையுங்கள். இழைகள் ஒன்றோடொன்று ஒட்டி நுனி விறைக்க ஆரம்பித்தால் நீலத்தைச் சாம்பல் வேலைக்கு இறக்குங்கள், சாம்பலைச் சிவப்புக்கு. சிவப்பு தேய்ந்ததென்றால் மோட்டார் சைக்கிள் சங்கிலிக்கு ஒரு மாதம் ஓடும், பிறகு குப்பைத் தொட்டி. நன்றி, வணக்கம்.