தலை திரும்பறதுக்கு முன்னாடியே வரையற படம்

வணக்கம்ங்க. விர்ச்சுவல் ரியாலிட்டி பத்தி ரேடியோல பேசணும்னு கூப்பிட்டப்போ எனக்கு சிரிப்புதான் வந்துச்சு, கண்ணுல மாட்டிப் பார்க்க வேண்டியதை காது வழியா எப்படிங்க சொல்றது. சரி, நீங்களே ஒண்ணு செஞ்சு பாருங்க, வண்டி ஓட்டிக்கிட்டு கேக்கறவங்க மட்டும் இப்ப வேண்டாம், வீட்டுக்குப் போய் செஞ்சுக்கலாம். கையை நேரா நீட்டி கட்டைவிரலைத் தூக்கிப் பிடிங்க. விரலை ஆட்டாம, நகத்தையே பார்த்துக்கிட்டு, தலையை மட்டும் "இல்ல இல்ல"ன்னு சொல்ற மாதிரி வேகமா ஆட்டுங்க. நகம் தெளிவாத் தெரியுதா? இப்போ தலையை அசைக்காம அதே வேகத்துல கையை ஆட்டுங்க. கலங்கிப் போச்சு, இல்லையா?

ரெண்டுலயும் விரலும் கண்ணும் ஒண்ணுக்கொண்ணு நகர்றது ஒரே அளவுதான். ஆனா தலை ஆடும்போது காதுக்குள்ள ஒரு ஏற்பாடு வேலை செய்யுது. உள்காதுல திரவம் நிறைஞ்ச மூணு சின்ன அரைவட்டக் குழாய் இருக்கு, தலை எந்தப் பக்கம் எவ்வளவு வேகமா திரும்புதுன்னு அது கண்ணு தசைக்கு நேரா சொல்லிடும், கண்ணு உடனே அதே அளவு எதிர்ப்பக்கம் திரும்பிக்கும். இது நடக்கறதுக்கு சுமார் 10 மில்லிசெகண்ட், அதாவது ஒரு செகண்டை ஆயிரமாப் பிரிச்சா அதுல பத்து பங்கு. நம்ம உடம்புல இருக்கற ரொம்ப வேகமான அனிச்சைச் செயல்கள்ல இதுவும் ஒண்ணு. யோசிக்கறதுக்கே அங்க இடம் கிடையாது.

விஆர் ஹெட்செட்டுக்குப் போட்டி இந்தக் காதுதாங்க. கிராஃபிக்ஸ் எவ்வளவு அழகா இருக்குன்னு நாம பேசிக்கிட்டிருப்போம், காது அதைப் பத்தி எல்லாம் கவலைப்படாது. நான் தலையைத் திருப்பினேன், உலகம் அதே அளவு எதிர்ப்பக்கம் போச்சா இல்லையா, அதான் அதுக்கு வேணும்.

இதுல சிக்கல் என்னன்னா, ஹெட்செட்ல நீங்க பார்க்கற படம் எதுவுமே சுடச்சுட வர்றதில்ல. சென்சார் தலையோட கோணத்தைப் படிக்கணும், கேம் அதை வாங்கி என்ன எங்க இருக்குன்னு கணக்குப் போடணும், கிராஃபிக்ஸ் சிப் ரெண்டு கண்ணுக்கும் தனித்தனியா வரையணும், வரைஞ்சது ஸ்க்ரீனுக்குப் போய் வெளிச்சமா வெளியே வரணும். செகண்டுக்கு 90 ஃப்ரேம், அதாவது 90 தனித்தனிப் படம் ஓடற ஹெட்செட்ல ஒரு ஃப்ரேமுக்கே 11 மில்லிசெகண்ட் போயிடும், இதுல ரெண்டு மூணு ஃப்ரேம் வரிசைல நின்னா 30, 40னு சேர்ந்துக்கிட்டே போகும். பக்கத்துல யாரோ கூப்பிட்டாங்கன்னு சட்டுனு திரும்பறீங்கன்னு வைங்க, செகண்டுக்கு 100 டிகிரி வேகம்னு எடுத்துப்போம், இது ஒண்ணும் பெரிய வேகம் இல்ல. அப்போ 50 மில்லிசெகண்ட் லேக், அதாவது தாமதம் இருந்தா படம் 5 டிகிரி பின்தங்கி நிக்கும். கைக்கெட்டற தூரத்துல இருக்கற டம்ளர் இருக்க வேண்டிய இடத்தை விட்டு ஆறு சென்டிமீட்டர் தள்ளி நிக்கும், நீங்க தலையை நிறுத்தினதும் மெதுவா வந்து அதோட இடத்துல உக்காந்துக்கும். டம்ளர் மட்டும் இல்ல, சுவரு, தரை, மொத்த வீடும் அப்படித்தான்.

ரொம்ப வருஷம் முன்னாடி அட்டைப்பெட்டியில லென்ஸ் வச்சு அதுக்குள்ள ஃபோனைச் செருகி எங்க அத்தைக்கு மாட்டி விட்டேன். ரோலர் கோஸ்டர் எல்லாம் இல்லைங்க, சும்மா ஒரு தோட்டம், நாலு மரம், ஒரு குளம், அவ்வளவுதான். அத்தை ஆசையா இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பார்த்துச்சு, ரெண்டு நிமிஷம் ஆகல, கழட்டி என் கையில குடுத்துட்டு "கப்பல்ல ஏத்தி விட்ட மாதிரி இருக்குடா"ன்னு சோஃபால சாஞ்சிருச்சு. அப்புறம் எலுமிச்சம்பழத்தை மோந்துக்கிட்டே அரை மணி நேரம். காது ஒண்ணு சொல்லுது கண்ணு ஒண்ணு சொல்லுது, ரெண்டுக்கும் பஞ்சாயத்து பண்ண முடியாம மூளை வயித்தைக் கலக்கி விடுது.

இது புதுப் பிரச்சனையும் இல்ல. 1968லயே ஐவன் சதர்லேண்ட்னு ஒரு அமெரிக்க கம்ப்யூட்டர் விஞ்ஞானி தலையில மாட்டற டிஸ்ப்ளே பண்ணிட்டார், கூரையில இருந்து ஒரு இரும்புக் கை தொங்கும், தலையோட அது சேர்ந்து அசையும், அதை வச்சுத்தான் தலை எங்க இருக்குன்னு கண்டுபிடிச்சாங்க. அதுல தெரிஞ்சது வெறும் கோட்டுப் படம்தான். அப்போ இருந்து இப்போ வரைக்கும் கேள்வி ஒண்ணுதான், தலை அசைஞ்சதுல இருந்து அதுக்கான வெளிச்சம் கண்ணுல படற வரைக்கும் எத்தனை மில்லிசெகண்ட். நாசா ஏம்ஸ் மையத்துல சோதனை பண்ணினவங்க, பழகின ஆளுங்க 15 மில்லிசெகண்ட் வித்தியாசத்தைக் கூட கண்டுபிடிச்சிடறாங்கன்னு பார்த்தாங்க. டூம் கேமுக்கு ப்ரோக்ராம் எழுதின ஜான் கார்மாக் 2013ல எழுதினப்போ 20 மில்லிசெகண்டுக்குள்ள வந்தா பொதுவா யாருக்கும் தெரியாதுன்னார், இன்னைக்கும் இந்த ஃபீல்டுல எல்லாரும் சொல்ற நம்பர் அந்த 20தான்.

வேகமான சிப் போட்டு, வேகமான ஸ்க்ரீன் போட்டு எவ்வளவு குறைச்சாலும் லேக் பூஜ்ஜியம் ஆகப் போறதில்ல. அப்போ ஒரே வழிதான் இருக்கு. தலை இப்போ எங்க இருக்குன்னு பார்த்து வரையாம, படம் ஸ்க்ரீனுக்கு வந்து சேரும்போது தலை எங்க இருக்கும்னு கணிச்சு அந்த இடத்துக்கு வரையறது. நாம ரோடு கிராஸ் பண்ணும்போது பஸ் இப்போ எங்க இருக்குன்னா பார்க்கறோம், நாம நடு ரோட்டுக்குப் போகும்போது அது எங்க வந்திருக்கும்னுதானே பார்க்கறோம், அதேதான்.

இந்த ஜோசியம் பலிக்கறதுக்குக் காரணம் நம்ம கழுத்து. தலை நாலஞ்சு கிலோ இருக்கு, அதை நினைச்ச மாத்திரத்துல நிறுத்த முடியாது, எடுத்த எடுப்புல வேகமாவும் திருப்ப முடியாது. அதனால இப்போ திரும்பற வேகம் அடுத்த 20 மில்லிசெகண்டுக்குப் பெருசா மாறாது. ஹெட்செட்டுக்குள்ள இருக்கற கைரோ சென்சார் அந்த வேகத்தை செகண்டுக்கு ஆயிரம் தடவை அளந்துக்கிட்டே இருக்கு. வேகத்தை நேரத்தால பெருக்கு, இப்போ இருக்கற கோணத்தோட கூட்டு, முடிஞ்சது. ஆக்யுலஸ் ரிஃப்ட்ங்கற விஆர் ஹெட்செட்டோட முதல் டெவலப்பர் கிட் 2013ல வந்தப்போ அதோட தலை ட்ராக்கிங்ல வேலை பார்த்த ஸ்டீவன் லாவேல், 2014ல கூட இருந்தவங்களோட சேர்ந்து எழுதின பேப்பர்லயும் அடிப்படை இதுதான், ஏதோ மாய மந்திரம் இருக்கும்னு தேடிப் போனா கணக்கு ஒரு பக்கத்துல முடிஞ்சிடுது. அவரு சென்னை ஐஐடியில இந்தப் பாடத்தை நடத்தியிருக்கார், வீடியோ எல்லாம் என்பிடெல்ங்கற ஆன்லைன் பாடத் தளத்துல ஃப்ரீயா கிடக்கு, காலேஜ் பசங்க யாராவது கேட்டுக்கிட்டிருந்தா போய்ப் பாருங்க.

அதுக்கும் இருபது வருஷம் முன்னாடி, 1994ல, அமெரிக்காவுல வட கரோலினா பல்கலைக்கழகத்துல ரொனால்ட் அசூமாவும் கேரி பிஷப்பும் இதை நல்லா அளந்து பார்த்தாங்க. அவங்க ஹெட்செட் வேற மாதிரி, கண்ணாடி வழியா நிஜ உலகமும் தெரியும், அது மேல கம்ப்யூட்டர் படமும் தெரியும். இது இன்னும் மோசம், ஏன்னா நிஜ உலகத்துக்கு லேக்கே கிடையாது, ஒரு நூல் தப்பினாலும் பக்கத்துலயே அசல் நிக்குது, காட்டிக் குடுத்திடும். ஒரு மரப்பெட்டியை வச்சு அதோட மூலையில கம்ப்யூட்டர் கோடு சரியா ஒட்டிக்கிட்டு நிக்குதான்னு பார்த்தாங்க. கைரோ மாதிரி சென்சாரை தலையிலயே மாட்டிக் கணிச்சா, கணிக்காம விட்டதை விட 5ல இருந்து 10 மடங்கு துல்லியம் கிடைச்சுது.

அப்போ இன்னும் அதிகமாக் கணிச்சா இன்னும் நல்லா இருக்கும்ல? நானும் அப்படித்தாங்க நினைச்சேன். ஒரு காலேஜ் டெமோக்கு முந்தின நாள் ராத்திரி, நம்ம ப்ரோக்ராம் கொஞ்சம் ஸ்லோவா இருக்கே, அதை மறைச்சிடலாம்னு கணிப்பு நேரத்தை 100 மில்லிசெகண்டுன்னு ஏத்தி வச்சேன். மெதுவா திரும்பிப் பார்த்தேன், வெண்ணெய் மாதிரி இருந்துச்சு, நிம்மதியாத் தூங்கிட்டேன். மறுநாள் முதல்ல மாட்டின பொண்ணு சடார்னு இடது பக்கம் பார்த்துட்டு நிறுத்தினா. "சார், சுவரு ஜவ்வு மாதிரி இழுத்துக்கிட்டுப் போய்த் திரும்பி வருது சார்"ன்னா. கிளாஸே சிரிக்குது. தலை நின்னு போச்சு, ஆனா என் ப்ரோக்ராம் அது இன்னும் போய்க்கிட்டே இருக்குன்னு நம்பி படத்தைத் தள்ளிக்கிட்டுப் போயிருக்கு.

பள்ளிக்கூடத்துல படிச்ச அதே ஃபார்முலாதான், பாதி முடுக்கம் பெருக்கல் நேரத்தோட வர்க்கம். வேகம் மாறாதுன்னு நாம நம்பறோம், அது மாறினா வர்ற தப்பு நேரத்தோட வர்க்கமா வளரும். ஒரு கணக்குக்கு, தலையோட வேகம் செகண்டுக்கு 1000 டிகிரி கணக்குல ஏறிக்கிட்டோ இறங்கிக்கிட்டோ இருக்குன்னு வைங்க. 20 மில்லிசெகண்ட் முன்கூட்டிக் கணிச்சா தப்பு 0.2 டிகிரி. 40ன்னா 0.8. 100ன்னா 5 டிகிரி. டிகிரிக்கு 20 பிக்சல் இருக்கற ஸ்க்ரீன்ல 0.2 டிகிரிங்கறது வெறும் 4 பிக்சல், யாரும் கவனிக்க மாட்டாங்க. 5 டிகிரின்னா 100 பிக்சல், சுவரு ஜவ்வா இழுக்காம என்ன பண்ணும். போதாக்குறைக்கு தலையை ஆட்டாம சும்மா உக்காந்திருந்தாலும் சென்சார்ல வர்ற சின்னச் சின்ன நடுக்கத்தையும் கணிப்பு ஊதிப் பெருக்கும், எதிர்ல இருக்கற எழுத்து எல்லாம் குளிர்ல நடுங்கற மாதிரி நடுங்கும். லேக்கை கணிப்பு போட்டு மறைக்கலாம்னு நினைக்கறது கடன் வாங்கி கடன் அடைக்கற கதை. முதல்ல லேக்கைக் குறைச்சுட்டு, குறைக்கவே முடியாத மிச்சத்துக்குத்தான் கணிப்பு.

அந்த மிச்சத்தையும் சமாளிக்க இன்னொரு வேலை பண்றாங்க, டைம்வார்ப்னு பேரு. கல்யாண வீட்டுல சமையல்காரர் விடியக்காலையிலயே எத்தனை தலை வரும்னு குத்துமதிப்பா கணக்குப் போட்டு உலை வச்சிடுவார், அப்புறம் பந்தி போடற நேரத்துல எட்டிப் பார்த்துட்டு ரசத்துல ரெண்டு சொம்பு தண்ணியை விட்டு சரி பண்ணிடுவார் பாருங்க, அதுதான் இது. படத்தைக் கணிச்ச கோணத்துக்கு வரைஞ்சு முடிச்சாச்சு, ஸ்க்ரீனுக்கு அனுப்பறதுக்கு சில மில்லிசெகண்ட் முன்னாடி கைரோகிட்ட இன்னொரு தடவை கேக்கறாங்க, தலை இப்போ எங்கப்பா இருக்கு. கணிச்சதுக்கும் இதுக்கும் உள்ள சின்ன வித்தியாசத்துக்கு, வரைஞ்ச படத்தையே அப்படியே கொஞ்சம் நகர்த்தித் திருப்பி விட்டுடறாங்க. புதுசா வரையறதோட ஒப்பிட்டா இதுக்கு ஆகற நேரம் ரொம்பக் கம்மி. கேம் ஒரு ஃப்ரேமைத் தவற விட்டாலும் பழைய படத்தையே திருப்பிக் காட்டி ஒப்பேத்திடும். ஆனா ரசத்துல எவ்வளவுதான் தண்ணி விடுவீங்க. தலையைத் திருப்பினா சரி, ஒரு எட்டு பக்கவாட்டுல நகர்ந்தீங்கன்னா தூணுக்குப் பின்னாடி மறைஞ்சிருந்தது தெரியணும்ல, அது வரைஞ்ச படத்துலயே இல்லையே. ரொம்ப வேகமாத் திரும்பினா சில சமயம் படத்தோட ஓரத்துல கருப்பா ஒரு பட்டை எட்டிப் பார்க்கும், அதை நீங்க பார்த்தீங்கன்னா கணிப்பு கோட்டை விட்டுடுச்சுன்னு அர்த்தம்.

ப்ரோக்ராம் எழுதறவங்களுக்காக ஒரு விஷயம், மத்தவங்க ஒரு நிமிஷம் பொறுத்துக்கோங்க. இப்போ எல்லாம் ஓப்பன்எக்ஸ்ஆர்ங்கற, விஆர் ஆப் எழுதறதுக்கான பொதுத் தரத்துல ஒவ்வொரு ஃப்ரேமுக்கும், இந்தப் படம் எந்த நேரத்துல கண்ணுக்குத் தெரியும்ங்கற கணிப்பை சிஸ்டமே குடுத்துடும், அந்த நேரத்தைத் திருப்பிக் குடுத்து தலை எங்க இருக்கும்னு கேட்டா சொல்லிடும். நாங்க ஒரு ட்ரெயினிங் ஆப்ல தலைக்கு அந்த நேரத்தையும் கைக்கு வேற நேரத்தையும் குடுத்துட்டோம். கையில பிடிச்ச ஸ்பேனர் தலையைத் திருப்பும்போது எல்லாம் விரலை விட்டு மிதந்துக்கிட்டே போகுது. மாடல் தப்பு, லென்ஸ் தப்புன்னு ரெண்டு நாள் தேடினோம், கடைசியில பார்த்தா ஒரே ஒரு வேரியபிள்.

எல்லாரும் கடைசியா ஒண்ணு கேப்பாங்க, பஸ்ல ட்ரெயின்ல போகும்போது மாட்டிக்கலாமான்னு. கைரோவுக்கு நீங்க திரும்பறதும் பஸ் திரும்பறதும் ஒண்ணுதாங்க. மலைப் பாதையில பஸ் வளைஞ்சா, அட, இவரு தலையைத் திருப்பறாருன்னு அது உங்க முன்னாடி இருக்கற ஸ்க்ரீனை ஜன்னலுக்கு வெளியே அனுப்பிடும், கணிப்பு வேற அதோட சேர்ந்து இன்னும் கொஞ்சம் தள்ளிக் குடுக்கும். சில ஹெட்செட்ல இதுக்குன்னே பயண மோட் இருக்கு, கேமராவையும் வச்சுப் பார்த்து வண்டியோட அசைவைத் தள்ளுபடி பண்ணப் பார்க்கும். ஃப்ளைட்ல ஓரளவு பரவாயில்ல. நம்ம ஊர் மலை பஸ்ல, ஜன்னலோர சீட்டுல, கண்ணைக் கட்டிக்கிட்டு படம் பார்க்கணும்னா கையில ஒரு எலுமிச்சம்பழம் வச்சுக்கோங்க. நன்றி, வணக்கம்.