சட்டம் வந்துவிட்டது, சீட்டு எங்கே?

(கட்டட ஒப்பந்ததாரர் சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

மதிப்பிற்குரிய சங்கத் தலைவர் அவர்களே, வேறு அலுவல் இருந்தும் நம் அழைப்பை ஏற்று முன்வரிசையில் வந்து அமர்ந்திருக்கும் தொழிலாளர் துறை அதிகாரி அவர்களே, இந்த மண்டபத்தை வாடகை வாங்காமல் தந்த பெரியவர் அவர்களே, மேடைக்கு வர மறுத்துக் கடைசி வரிசையில் உட்கார்ந்துவிட்ட மூத்த மேஸ்திரிமார்களே, அனைவருக்கும் வணக்கம். பொருளாளருக்குத் தனி வணக்கம். அவரை விட்டுவிட்டால் அது பந்தியில் தெரியும்.

புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள், கட்டடத் தொழிலாளர் நலனுக்காக வசூலிக்கும் நலநிதி வரி, அரசு ஒப்பந்தத் தகராறுகளை நீதிமன்றத்துக்கு வெளியே முடிக்கும் நடுவர் தீர்ப்பு ஆகிய மூன்றையும் பேசுவதாக அழைப்பிதழில் அச்சிட்டிருக்கிறார்கள். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பதை நான் எந்த மேடையிலும் சொல்லாமல் இறங்கியதில்லை. இன்று அதற்குக் காரணமும் இருக்கிறது: சட்டம் வந்துவிட்டது, செய்த வேலைக்குச் சான்றாகத் தொழிலாளி கையில் ஒரு சீட்டு வரவில்லை.

29 மத்தியச் சட்டங்களை உள்ளடக்கிய நான்கு தொகுப்புகளை மத்திய அரசு 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்குக் கொண்டுவந்தது. நாம் பழகியிருந்த 1970-ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டமும், 1996-ஆம் ஆண்டின் கட்டடத் தொழிலாளர் சட்டமும் அவற்றில் அடங்கிவிட்டன. 1970-ஆம் ஆண்டுச் சட்டம் 20 தொழிலாளர் இருந்தாலே ஒப்பந்ததாரரைப் பிடித்தது. இப்போது அந்த எண்ணிக்கை 50. கட்டுமானச் செலவில் 1 முதல் 2 சதவீதம் வரை நலநிதி வரி என்பதில் மாற்றமில்லை என்றாலும், சொந்தக் குடியிருப்புக்காகக் கட்டும் வீட்டுக்கான விலக்கு 10 லட்சம் ரூபாயிலிருந்து 50 லட்சத்துக்கு உயர்ந்திருக்கிறது. வீடு கட்டுபவருக்கு இது நிம்மதிதான். ஆனால் 45 லட்ச ரூபாய் வீட்டின் சாரத்திலும் ஆள் ஏறித்தான் வேலை செய்கிறார் என்பதை, அதிகாரி அவர்கள் மன்னிக்க வேண்டும், சட்டம் எழுதியவர்கள் கொஞ்சம் நினைத்துப் பார்த்திருக்கலாம்.

எனக்குத் தெரிந்த ஒரு சித்தாள் அம்மாளின் கதையைச் சொல்லியாக வேண்டும். 18 வயது முடிந்து 60 வயது நிரம்பாதவர், முந்தைய 12 மாதங்களில் 90 நாள் கட்டட வேலை செய்திருந்தால், நலநிதி வரிப்பணத்தில் உதவி தரும் நலவாரியத்தில் பயனாளியாகப் பதியலாம். 1996-இலும் இதுதான் விதி, இன்றும் இதுதான். அந்த அம்மாள் ஒரே மேஸ்திரியிடம் நான்கு வருடமாகக் கல் சுமந்தவர். பதிவுக்காக மேஸ்திரியையும் கூட்டிக்கொண்டு அலுவலகம் போனார். "இவர் உங்களிடம் வேலை பார்த்தாரா?" என்று கேட்டார்கள். "ஆமாங்கய்யா, நாலு வருஷமா" என்றார் மேஸ்திரி. "எழுத்தில் இருக்கிறதா?" என்றதும், சிமென்ட் கடையில் பொங்கலுக்குக் கொடுத்த டைரியை அவர் பெருமையோடு விரித்தார். ஒவ்வொரு பக்கத்திலும் "கொ 4, நி 2, சி 6" என்று எழுதி, பக்கத்தில் அத்தனை கோடு கிழித்திருந்தது. கொத்தனார் நாலு, கொத்தனாருக்குக் கைகொடுக்கும் நிமிந்தாள் இரண்டு, சித்தாள் ஆறு. கூலிக் கணக்கில் ஒரு ரூபாய் பிசகாது. "இந்த ஆறில் இந்த அம்மா எது?" என்று கேட்டார் எழுத்தர். மேஸ்திரி கொஞ்ச நேரம் டைரியையே பார்த்துவிட்டு, "மூணாவது கோடுங்க" என்றார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள், அந்த அலுவலகத்திலும் சிரித்தார்கள். அந்த அம்மாள் மட்டும் சிரிக்கவில்லை, ஏனென்றால் மறுபடி ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு அவர் வர வேண்டும். 90 நாள் என்பது ஏட்டில் அழகாக இருக்கிறது, ஏட்டுச் சுரைக்காயும் அழகாகத்தான் இருக்கும். நாடாளுமன்றம் சட்டம் இயற்றும் முன்பே, தமிழ்நாட்டின் 1982-ஆம் ஆண்டு உடல் உழைப்புத் தொழிலாளர் சட்டத்தின் கீழ் 1994-இல் நலவாரியம் கண்ட மாநிலம் நம்முடையது. வசூலான வரிப்பணம் தொழிலாளியைச் சேராமல் தேங்கிக் கிடந்ததை உச்ச நீதிமன்றம் 2018-இல் கடுமையாகக் கண்டித்தது. தொழிலாளியின் பெயரையே எழுதி வைக்காவிட்டால் பணம் யாரைத் தேடிப் போகும்?

புதிய தொகுப்பில் இதற்கு இடம் இருக்கிறது. பணியமர்த்தும் ஒவ்வொருவருக்கும் நியமனக் கடிதம் தர வேண்டும். கேட்டால், செய்த வேலையின் விவரத்தோடு ஒப்பந்ததாரர் அனுபவச் சான்று தர வேண்டும். ஒப்பந்ததாரர் கூலி தராமல் போனால், அவரிடம் வேலையை ஒப்படைத்த முதன்மை முதலாளியே கொடுத்துவிட்டு அவரிடம் வசூலித்துக்கொள்ள வேண்டும் என்ற பழைய பொறுப்பும் தொடர்கிறது; ஆக, வருகைப் பதிவேட்டில் பெயர் இருப்பது கட்டடம் கட்டுவிப்பவருக்கும் பாதுகாப்பு. ஆனால் 50 பேருக்குக் குறைவாக வைத்திருக்கும் மேஸ்திரியிடம் சான்று கேட்க அந்தத் தொகுப்பின் ஒப்பந்தத் தொழிலாளர் பகுதி உதவாது. நம் ஊரில் பெரும்பாலான வேலை அவர்கள் கையில்தான் இருக்கிறது. அதனால்தான், சட்டம் கேட்டாலும் கேட்காவிட்டாலும், சனிக்கிழமை கூலியோடு பெயர், நாள், வேலை, கையெழுத்து கொண்ட ஒரு சீட்டையும் கொடுங்கள் என்று ஊர் ஊராகக் கேட்டு வருகிறேன்.

நடுவர் தீர்ப்பைப் பற்றிப் பேச நேரமில்லை என்று தலைவர் கடிகாரத்தைக் காட்டுகிறார். 10 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட தகராறுகளில் நடுவர் தீர்ப்பைத் தவிர்க்கும்படி மத்திய நிதியமைச்சகம் 2024 ஜூனில் வழிகாட்டியது. அரசுத் தரப்பு மட்டுமே தன்னிச்சையாக ஒற்றை நடுவரை நியமிப்பது செல்லாது என்று அதே ஆண்டு நவம்பரில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. மீதியை வழக்கறிஞர் நண்பர் மதியத்துக்குப் பிறகு சொல்வார்.

சீட்டுப் புத்தகத்தின் மாதிரி வாசலில் உள்ள மேசையில் இருக்கிறது. சங்கம் அதை அச்சிட்டு உறுப்பினர்களுக்கு அடக்க விலையில் தர வேண்டும் என்ற தீர்மானத்தை முன்மொழிகிறேன். கடைசி வரிசையில் இருக்கும் மேஸ்திரி ஒருவர் வழிமொழிந்தால் மகிழ்வேன்.