கரையா, கறையா?

அவையோர் அனைவருக்கும் வணக்கம். இணையத்தில் ஏற்றும் கட்டுரையை எப்படித் திருத்துவது என்று பார்ப்போம்.

‘வைகைக் கறையில் பக்தர்கள் கூடினர்’ என்று ஒரு வரி இருந்தால், கணினியின் பிழைதிருத்தி அதைத் தொடாது. கறை என்பதும் அகராதியில் உள்ள சொல்தானே! மணம் மனம், அரை அறை, எல்லாம் இதே வகை. சொல் சரி, இடம் தவறு. அதை மனிதக் கண்தான் பிடிக்க வேண்டும்.

ஆனால் திருத்தத்தை எழுத்துப்பிழையில் தொடங்காதீர்கள். ஒரு பத்தியில் ஒற்றுகளை எல்லாம் சரிசெய்து முடித்த பிறகு, அந்தப் பத்தியே வேண்டாம் என்று தெரியவரும். உழைத்த பாசத்தில் அதை வெட்ட மனம் வராது. எனவே முதல் வாசிப்பில் செய்தியை மட்டும் பாருங்கள்: தேதி, இடம், பெயர், தொகை.

மதுரைச் சித்திரைத் திருவிழாவில் அழகர் வைகை ஆற்றில் இறங்கியது 2024-இல் ஏப்ரல் 23, 2025-இல் மே 12. சித்ரா பௌர்ணமியை ஒட்டி வருவதால் ஆங்கிலத் தேதி ஆண்டுதோறும் மாறும். ‘இந்த ஆண்டு மே 12’ என்று எழுதி ஏற்றிவிட்டால், அடுத்த ஆண்டும் அது இணையத்தில் அப்படியே கிடக்கும். தேனியிலிருந்து குடும்பத்தோடு பஸ் ஏறுகிறவர் அதை நம்பி வருவார். ஆண்டை எண்ணால் எழுதுங்கள். ‘நாளை’, ‘வரும் செவ்வாய்’ எல்லாம் சுவரொட்டிக்குச் சரி, இணையத்துக்கு ஆகாது.

அடுத்து வாக்கியம். முடிந்தால் ஓர் இரவு ஆறப்போட்டு, மறுநாள் வாய்விட்டுப் படியுங்கள். மூச்சு முட்டுகிற இடத்தில் வாக்கியத்தை உடையுங்கள். தமிழில் வினை கடைசியில் வருவதால், அங்கே போய்ச் சேர்வதற்குள் எழுவாய் மறந்துபோகிறது. ‘விடிய விடியக் காத்திருந்த மக்கள் கூட்டம் இரு கரைகளையும் நிறைத்தனர்’ என்று எழுதிவிடுகிறோம். கூட்டம் நிறைத்தது. ‘மதுரையில் பிறந்த எழுத்தாளரின் மகள்’ என்றால் பிறந்தது யார், எழுத்தாளரா மகளா? ‘எழுத்தாளரின் மகள், மதுரையில் பிறந்தவர்’ என்று பிரித்துவிட்டால் குழப்பம் தீர்ந்தது.

கடைசியில்தான் எழுத்து. ஒற்று விடுபடுவதைப் போலவே, வேண்டாத இடத்தில் நுழைவதும் பிழை. ‘எடுத்துக் கொடுத்தார்’, ‘எழுதிக் கொடுத்தார்’ சரி. அதைப் பார்த்து ‘வந்துச் சென்றார்’, ‘செய்துக் கொடுத்தார்’ என்று போடக் கூடாது. எடுத்து, கேட்டு, படித்து என ‘த்து’, ‘ட்டு’ போல வல்லினப் புள்ளியெழுத்தை அடுத்து வல்லின உகர எழுத்து வந்து முடியும் வினையெச்சத்துக்குப் பின் ஒற்று மிகும். வந்து, நின்று, செய்து ஆகியவற்றுக்குப் பின் மிகாது.

கண்ணுக்கே தெரியாத பிழை ஒன்று இருக்கிறது. ‘பௌர்ணமி’யில் முதல் எழுத்து ‘பௌ’, ஒரே எழுத்து. அவசரத்தில் ‘பெ’ அடித்து, பக்கத்தில் ‘ள’ அடித்துவிடுகிறார்கள். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே நிற்கும். கணினிக்கோ அவை வேறு வேறு. கோப்பில் ‘பௌர்ணமி’ என்று தேடினால் இது அகப்படாது. தேடுபெட்டியில் ‘பெள’, ‘கெள’, ‘மெள’ என்று இரண்டெழுத்தாக அடித்துப் பாருங்கள், ஒளிந்திருப்பவை வெளியே வரும். ஆனால் ‘அனைத்தையும் மாற்று’ பொத்தானை அழுத்த வேண்டாம். ‘வெள’வை அப்படி மாற்றினால் ‘வெளி’, ‘வெள்ளி’ எல்லாம் சிதைந்து, எழுத்துக்கு நடுவே புள்ளிவட்டம் முளைக்கும். ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றுங்கள்.

ஏற்றும் முன் ஒருமுறை கைப்பேசியில் பாருங்கள். கணினியில் நாலு வரியாக இருந்த பத்தி அங்கே சுவர்போல நிற்கும். பொருள் திரும்பும் இடம் பார்த்து இரண்டாக்குங்கள்.

ஏற்றிய பிறகு தேதியில் தவறு தெரிந்தால், சத்தமில்லாமல் மாற்றிவிட்டுப் போகாதீர்கள். பழைய வடிவம் அதற்குள் வாட்ஸ்அப் குழுக்களில் படமாகச் சுற்றிக்கொண்டிருக்கும். கட்டுரையின் தலைமாட்டிலேயே ‘திருத்தம்’ என்று போட்டு, முன்பு இருந்த தேதி எது, சரியான தேதி எது என்று இரண்டையும் எழுதிவிடுங்கள். படத்தைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்துக்கு வருகிறவர் எதை நம்புவது என்று அப்போதுதான் தெரிந்துகொள்வார்.