அடிக்குரலில் தொடங்கும் பாட்டு

வணக்கம். இன்று நாம் கேட்கப்போகிற பாட்டு இரண்டரை நிமிடம்கூட ஓடாது. 1956 ஜனவரியில் வந்த ‘வை டூ ஃபூல்ஸ் ஃபால் இன் லவ்’. பாடியவர்கள் நியூயார்க்கில் ஹார்லெம் பக்கத்து ஐந்து பையன்கள், மூன்று பேர் கறுப்பினத்தவர், இரண்டு பேர் புவேர்ட்டோ ரிக்கோக் குடும்பத்துப் பிள்ளைகள். குழுவின் பெயர் டீனேஜர்ஸ்.

முன்குரல் பிராங்கி லைமன். பதிவின்போது அவனுக்கு வயது 13, குரல் இன்னும் உடையவில்லை. அந்தக் குரலைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள், பேச வேண்டியதுதான். ஆனால் பாட்டைத் தொடங்குவது அவன் இல்லை. ஷெர்மன் கார்ன்ஸ் என்ற பையன், அடிவயிற்றிலிருந்து, அர்த்தமே இல்லாத ‘டம்-ட-டி-டம்’ ஒலிகளால் தாளத்தையும் சுருதியையும் ஒரே மூச்சில் போட்டுக்கொடுக்கிறான். வாத்தியம் வாங்கக் காசில்லாத பையன்கள் தெருமுனையிலும் மாடிப்படிகளிலும், சுவர் எதிரொலிக்கிற இடமாகப் பார்த்து நின்று பாடி வளர்த்த இசை இது. அதனால் தொண்டையே அவர்களுக்கு வாத்தியம், வாசிக்க வேண்டியதையெல்லாம் வாயாலேயே போட்டார்கள்.

பிராங்கி வருவதற்கு முன் குழுவின் முன்குரல் ஹெர்மன் சாண்டியாகோ. பிறகு அவர் பின்னால் போய், ஜிம்மி மெர்ச்சன்ட், ஜோ நெக்ரோனி இருவரோடும் சேர்ந்து இழைந்தார். பாட்டு பிரிட்டனில் முதலிடம், அமெரிக்கப் பாப் பட்டியலில் ஆறாமிடம். அப்புறம் 1957-இலேயே பிராங்கியைத் தனிப்பாடகராக்குகிறோம் என்று பிரித்துவிட்டார்கள். இரண்டு பக்கமும் பழைய வெற்றி திரும்பவில்லை. 1968-இல் பிராங்கி 25 வயதில் ஹெராயினால் இறந்தார்; ஷெர்மன் 1977-இல், ஜோ அதற்கு மறு வருடம்.

எனக்கு இன்னும் ஆறாதது ஒன்று. முதலில் வந்த இசைத்தட்டில் பாட்டை எழுதியவர்களாகப் பிராங்கி, தயாரிப்பாளர் ஜார்ஜ் கோல்ட்னர் பெயர்களோடு சாண்டியாகோ பெயரும் இருந்தது, பிறகு அது போய்விட்டது. அவரும் மெர்ச்சன்டும் பாட்டை எழுதியதில் எங்களுக்கும் பங்குண்டு என்று வழக்குப் போட்டார்கள். 1992-இல் நடுவர் குழு ஆமாம் என்றது. 1996-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், மூன்று வருடக் கெடுவுக்குள் வழக்குப் போடவில்லை என்று அதைத் தள்ளிவிட்டது. பாட்டை எழுதியவர் யார் என்ற கேள்வியை நாட்கணக்கு முடித்துவைத்தது, அவ்வளவுதான்.

சரி, பாட்டுக்குப் போவோம். இந்த முறை பிராங்கியைக் கொஞ்சம் விட்டுவிட்டு, அவனுக்குப் பின்னால் ‘ஊ’, ‘வா’ என்று இழைகிற குரல்களைக் கேளுங்கள். முதலில் வருவது ஷெர்மன்.