வெளிநாட்டில் ஒரு பருவம்: கொருக்குப்பேட்டைப் படிப்பகத்தில் ஆற்றிய உரை

தலைவர் அவர்களே, இப்படிப்பகத்தின் கதவை மாலைதோறும் தவறாமல் திறந்து வைக்கும் அண்ணன்மார்களே, வேலை முடிந்த களைப்போடும் வந்து அமர்ந்திருக்கும் பெற்றோர்களே, முன்வரிசையில் பாயில் அமர்ந்திருக்கும் தம்பி தங்கைகளே, அனைவருக்கும் என் வணக்கம்.

முதுகலை வேதியியல் படித்த காலத்தில், 2017 அக்டோபர் முதல் அடுத்த ஆண்டு மார்ச் வரை, ஜெர்மனியின் ஹாலே நகரப் பல்கலைக்கழகத்தில் நான் பரிமாற்ற மாணவியாக இருந்தேன். அதைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். பனியையும் பயணத்தையும் பற்றிக் கேட்க விரும்பி வந்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நான் சொல்ல விரும்புவது, இந்தத் தெருக்களிலிருந்து ஒரு பிள்ளை அப்படிப் போவதற்கு எது தடையாக இருக்கிறது, எது தடையாக இல்லை என்பதைத்தான்.

வெளிநாட்டுப் படிப்பு என்றதும் நம் வீடுகளில் வங்கிக் கடனும் ஏஜென்ட் கட்டணமும் நினைவுக்கு வருகின்றன. முழுப் பட்டத்தையும் அங்கே படிப்பவர்களுக்கு அந்த அச்சம் நியாயமானது. பரிமாற்ற மாணவரின் நிலை வேறு. அவர் இங்குள்ள கல்லூரியின் மாணவராகவே இருக்கிறார். கட்டணத்தை இங்கேயே கட்டுகிறார். இரு நிறுவனங்களுக்கும் இடையே ஒப்பந்தம் இருப்பதால் அங்குள்ள பல்கலைக்கழகம் அவரிடம் கல்விக் கட்டணம் கேட்பதில்லை. அங்கே முடித்த பாடங்களுக்குக் கிடைக்கும் கிரெடிட்டுகள் எனப்படும் மதிப்பு அலகுகள் திரும்பி வந்து இங்குள்ள பட்டத்தில் சேர்கின்றன. 1987இல் 11 ஐரோப்பிய நாடுகளும் 3,244 மாணவர்களுமாகத் தொடங்கிய எராஸ்மஸ் என்ற மாணவர் பரிமாற்றத் திட்டம் பிற்காலத்தில் இந்தியா போன்ற நாடுகளின் மாணவர்களுக்கும் இடம் கொடுத்தது. அதில் தேர்வாகும் மாணவருக்கு நாட்டைப் பொறுத்து மாதம் 800 முதல் 900 யூரோ வரை உதவித்தொகையும் உண்டு. இவ்வளவும் எந்தக் கல்லூரியிலும் ரகசியமாக இல்லை. ஆனால் என் கல்லூரியில் அந்த அறிவிப்பு ஒட்டப்பட்டிருந்த பலகையை நான் இரண்டு மாதம் கடந்து போயிருக்கிறேன். அது எனக்கும் உரியது என்று எனக்குத் தோன்றவே இல்லை.

என் தந்தை துறைமுகத்திற்குக் கன்டெய்னர் ஏற்றிச் செல்லும் டிரெய்லர் லாரி ஓட்டியவர். உலகத்தின் எல்லா நாடுகளுக்கும் போகும் சரக்கை இருபது ஆண்டுகளுக்கு மேல் கப்பலடி வரை கொண்டுபோய்ச் சேர்த்தவரின் வீட்டில் ஒருவரிடமும் பாஸ்போர்ட் இல்லை. நான் விண்ணப்பித்தபோது ரேஷன் அட்டையில் ஒரு முகவரி, ஆதாரில் ஒரு முகவரி, நாங்கள் வாடகைக்குக் குடியிருந்ததோ மூன்றாவது முகவரி. அதைச் சரிசெய்து, காவல் நிலையச் சரிபார்ப்பு முடிந்து, பாஸ்போர்ட் கைக்கு வர ஐந்து மாதம் ஆயிற்று. கல்லூரி பெயர்ப்பட்டியல் அனுப்பக் கொடுத்திருந்த காலமோ ஆறு வாரம். என்னோடு படித்த, என்னைவிட நன்றாகப் படித்த தண்டையார்பேட்டைத் தோழி ஒருத்தி பாஸ்போர்ட் இல்லாததாலேயே அந்த ஆண்டு விண்ணப்பிக்க முடியாமல் போனாள். முந்தைய ஆண்டே எதற்கென்று தெரியாமலே நான் விண்ணப்பித்து வைத்திருந்ததுதான் எங்கள் இருவருக்கும் இடையிலிருந்த வேறுபாடு. இன்றும் அதை நினைத்தால் மனம் வருந்துகிறது.

அடுத்தது பணம். கல்விக் கட்டணம் இல்லை என்றேன். செலவே இல்லை என்று சொல்லவில்லை. உதவித்தொகை இல்லாமல் ஜெர்மனிக்குப் போகும் மாணவர், தங்கியிருக்கும் மாதங்களுக்கான வாழ்க்கைச் செலவு முழுவதையும் முடக்கக் கணக்கு எனப்படும் வங்கிக் கணக்கில் முன்கூட்டியே போட்டுக் காட்டினால்தான் பெரும்பாலும் விசா கிடைக்கும். 2024 செப்டம்பர் முதல் அத்தொகை மாதத்திற்கு 992 யூரோ. ஆறு மாதத்திற்கு 5,952 யூரோ, ஏறத்தாழ ஆறு லட்சம் ரூபாய். அது கட்டணமாகப் போய்விடுவதில்லை. மாதந்தோறும் மாணவருக்கே செலவுக்குத் திரும்பி வருகிறது. ஆயினும் ஆறு லட்சத்தை ஒரே நாளில் வைத்துக் காட்ட நம்மில் எத்தனை பேரால் முடியும்? எனக்கு உதவித்தொகை கிடைத்ததால் முடக்கக் கணக்கு தேவைப்படவில்லை. ஆனால் உதவித்தொகை கைக்கு வர அங்கே வங்கிக் கணக்கு வேண்டும். கணக்குத் தொடங்க நகராட்சியில் குடியிருப்பைப் பதிவுசெய்த சான்று வேண்டும். அந்தச் சான்றுக்கு அறை கொடுத்தவரின் கையொப்பம் வேண்டும். அறைக்கு முன்பணமும் முதல் மாத வாடகையும் முதலிலேயே கட்ட வேண்டும். விமானச் சீட்டும் அவ்வாறே. என் தாயார் ஏலச்சீட்டுப் பணத்தைத் தள்ளி எடுத்தார்கள். இரண்டு வளையல்கள் அடகுக்கடைக்குப் போயின. நான்கு மாதத்தில் மீட்டுவிட்டோம். அந்தக் குறுகிய காலத்திற்கான கைமாற்று இல்லாததால் ஒரு பிள்ளையின் வாய்ப்பு போகக்கூடாது என்பதே என் வேண்டுகோள். அதற்கு மீண்டும் வருகிறேன்.

மூன்றாவது தடையில் நான் இடறி விழுந்தேன். அங்கே என்னென்ன பாடங்கள் படிக்கப் போகிறோம், அவை இங்கே எந்தப் பாடங்களுக்கு ஈடு என்பதைப் புறப்படுமுன் எழுதி, மாணவரும் இரு கல்லூரிகளும் கையொப்பமிடும் ஆவணத்திற்கு லேர்னிங் அக்ரிமென்ட் என்று பெயர். ஒரு பருவத்திற்கு அங்கே 30 கிரெடிட். ஒரு கிரெடிட் என்பது வகுப்பு, ஆய்வகம், தனிப்படிப்பு எல்லாம் சேர்ந்த 25 முதல் 30 மணி நேர உழைப்பு. நான் போய்ச் சேர்ந்தபோது ஒரு பாடம் அந்தப் பருவத்தில் நடத்தப்படவில்லை. வேறொன்றை எடுத்துக்கொண்டு, மின்னஞ்சலில் தகவல் மட்டும் தெரிவித்துவிட்டு, திருத்திய ஆவணத்தில் கையொப்பம் வாங்காமல் விட்டேன். திரும்பி வந்ததும் அந்தப் பாடத்தைக் கல்லூரி ஏற்கவில்லை. அரியர் எழுதினேன், பட்டம் அரை ஆண்டு தள்ளிப்போயிற்று. பாடம் மாறினால் அன்றே கையொப்பம் கேளுங்கள். கிடைக்கும் வரை கேட்டுக்கொண்டே இருங்கள்.

நாட்காட்டியையும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஜெர்மனியின் குளிர்காலப் பருவம் அக்டோபரில் தொடங்குகிறது. தேர்வுகள் பிப்ரவரி, மார்ச் வரை நீளும். அதற்குள் நம் கல்லூரிகளில் அடுத்த பருவம் தொடங்கிவிடும். சிங்கப்பூரில் ஆகஸ்டில் தொடங்கி டிசம்பர் தொடக்கத்தில் முடிவதால் நமக்கு ஒத்துப்போகிறது. நான் தப்பித்தது, என் நான்காம் பருவம் ஆய்வுத்திட்டமாக மட்டும் இருந்ததால்.

இவ்வளவு பாடுபட்டுப் போய் என்ன கிடைக்கும் என்று ஒரு தாயார் சற்றுமுன் என்னிடம் கேட்டார்கள். எனக்குக் கிடைத்ததைச் சொல்கிறேன்.

ஹாலேயைச் சுற்றியுள்ள பகுதி, நம் மணலியையும் எண்ணூரையும் போலத் தொழிற்சாலைகளால் ஆனது. பக்கத்து ஊரான லாய்னாவின் வேதியியல் ஆலை 1916இல் தொடங்கியது; சிறிது தொலைவிலுள்ள பிட்டர்ஃபெல்ட், கிழக்கு ஜெர்மனிக் காலத்தில் காற்றும் நீரும் கெட்டுப்போனதற்கே பெயர்பெற்ற ஊர். நவம்பரில் ஒருநாள் எங்கள் ஆசிரியர் கைசல்டால் என்ற ஏரிக்கு எங்களை அழைத்துச் சென்றார். அது முன்பு பழுப்பு நிலக்கரி வெட்டிய மாபெரும் பள்ளம். 1993இல் சுரங்கம் மூடப்பட்டது. 2003இல் சாலே ஆற்று நீரைத் திருப்பிவிடத் தொடங்கி 2011இல் நிரப்பி முடித்தார்கள். இப்போது 18 சதுர கிலோமீட்டருக்கும் மேலான ஏரி. கரைச் சரிவில் திராட்சைத் தோட்டம் போட்டிருக்கிறார்கள். அந்தக் கரையில் நின்றபோது, சாம்பல் படிந்த நம் எண்ணூர்க் கழிமுகமும் கொசஸ்தலையாறும் என் கண்முன் வந்து நின்றன. என் ஊரிலும் இப்படிக் கெட்டுப்போன நீர் இருக்கிறது என்று ஆசிரியரிடம் சொன்னேன். அவர் உடனே, அந்த நீரின் பகுப்பாய்வு எண்கள் என்னென்ன என்று கேட்டார்.

என்னிடம் ஓர் எண்கூட இல்லை. மணலிக் காற்றின் வாடையை வைத்தே காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறது என்று சொல்லும் பெண் நான். வேதியியலில் முதுகலை படிப்பவள். என் வீட்டுக்கு அருகிலுள்ள நீரை ஒரு குப்பியில் எடுத்து ஆய்வகத்தில் வைத்துப் பார்த்ததில்லை. அதுவரை வேதியியலை நான் தேர்வுக்கான பாடமாகவே படித்திருந்தேன். திரும்பி வந்து நான்காம் பருவ ஆய்வுத்திட்டத்தைப் பக்கிங்காம் கால்வாய் நீரிலுள்ள உலோகங்கள் பற்றிச் செய்தேன். 2023 டிசம்பரில் எண்ணூரில் எண்ணெய் படிந்தபோது, மீனவர்கள் கேட்ட கேள்விகளுக்கு என்ன பரிசோதனை வேண்டும் என்று சொல்ல என்னால் முடிந்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஹாலே நகரவாயிலுக்கு வெளியே, ஏழைகள் வாழ்ந்த புறநகரில், 1698இல் அனாதைப் பிள்ளைகளுக்காக ஃபிராங்கே என்பவர் எழுப்பிய கல்வி நிலையம் இன்றும் இருக்கிறது. 1706இல் தரங்கம்பாடி வந்த ஜெர்மன் சமயப் பரப்பாளர் சீகன்பால்கு அதனோடு தொடர்புடையவர். 1713இல் தரங்கம்பாடிக்கு வந்து சேர்ந்த தமிழ் அச்செழுத்துகள் ஹாலேயில் வார்க்கப்பட்டவை. தமிழ் ஓலைச்சுவடிகள் அங்கே இன்றும் காக்கப்படுகின்றன. நகரத்துக்கு வெளியே ஒதுக்கப்பட்ட ஒரு பகுதியில் தொடங்கிய பள்ளிக்குள் என் மொழி முந்நூறு ஆண்டுகளாக இருக்கிறது என்றறிந்த மாலையில், எனக்கு அந்த ஊர் அன்னியமாகத் தோன்றவில்லை.

இனி என் வேண்டுகோள். இப்படிப்பகத்தின் பெயரில் ஒரு கைமாற்று நிதி தொடங்க வேண்டும் என்று அண்ணன்மார்களிடம் கேட்டிருக்கிறேன். அந்தக் காலத்தில் என் தாயார் அடகு வைத்த அளவுக்கான தொகையை முதலில் நான் தருகிறேன். போகும் பிள்ளை உதவித்தொகை வந்ததும் திருப்பிக் கட்ட, அது அடுத்த பிள்ளைக்குப் போகட்டும். வரும் ஞாயிறு முதல் காலை பத்து மணிக்கு இதே மேசையில் பாஸ்போர்ட் விண்ணப்பங்களோடு நான் அமர்ந்திருப்பேன். ஆதார் அட்டை, பிறப்புச் சான்று, பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ் ஆகியவற்றைக் கொண்டு வாருங்கள். கட்டணம் 1,500 ரூபாய். முகவரி ஒத்துப்போகாதவர்கள் முதலில் வாருங்கள், அதற்குத்தான் நாள் பிடிக்கும். வணக்கம்.